பயோகெமிஸ்ட்ரி அறிக்கையைப் படிப்பது எப்படி? ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாளிலிருந்து மறுபரிசோதனை வரை

ரத்தப் பரிசோதனை முடிவுகளில் 'பயோகெமிஸ்ட்ரி' என்று தலைப்பிட்ட பக்கம்தான் பலரைக் கலங்க வைக்கிறது. ரத்த அணுக்களை எண்ணுவது ஆய்வகத்தில் ஒரு பிரிவின் வேலை. கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது இன்னொரு பிரிவின் வேலை. ரத்தத்தில் கரைந்திருக்கும் சர்க்கரை, கொழுப்பு, உப்புகள், நொதிகள், கழிவுகள் ஆகியவற்றை அளந்து சொல்வது உயிர்வேதியியல் பிரிவு.

அந்தப் பிரிவில் வேலை செய்வதால், அறிக்கையை வாங்கியவர்கள் அதைப் பிரிக்கும் விதத்தை அன்றாடம் பார்க்கிறேன். கண் நேராகத் தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணுக்குப் போகிறது. உடனே கைப்பேசியில் தேடுகிறார்கள். அடுத்த நொடி முகம் வாடிவிடுகிறது. இந்த வரிசைதான் தவறு. அந்த எண்ணுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல மருத்துவராலும் முடியாது. எந்த வரிசையில் படித்தால் குழப்பம் வராதோ அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

பழைய அறிக்கைகள் குறைந்தது இரண்டு வேண்டும். ஒரே ஓர் அறிக்கை அந்த நாளின் நிலையை மட்டும் காட்டும். ஏறுகிறதா, இறங்குகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்பது பழையவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை எழுதி வையுங்கள். சத்து மாத்திரைகளையும் அதில் சேருங்கள். 'அது மருந்தில்லையே' என்று பலர் விட்டுவிடுவது இவற்றைத்தான். முடி வளர்ச்சிக்காக எடுக்கும் பயோட்டின், தசை வளர்ச்சிக்காக எடுக்கும் கிரியேட்டின் ஆகிய இரண்டும் பரிசோதனை எண்களை நேரடியாகப் பாதிக்கும்.

பரிசோதனையை மருத்துவர் எதற்காக எழுதினார் என்பதை ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். 'சோர்வு', 'ரத்த அழுத்த மருந்து தொடங்கி ஒரு மாதம்', 'வழக்கமான சோதனை' என்றால் போதும். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் எந்த எண்ணை முதலில் பார்ப்பது என்று தெரியும்.

2. ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாள்

வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். கொழுப்புப் பரிசோதனைக்கு 9 முதல் 12 மணி நேரம் இருக்கச் சொல்வது வழக்கம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு பல மணி நேரம் உயர்ந்தே நிற்பதுதான் காரணம். முதல்கட்டக் கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்று பல வழிகாட்டுதல்கள் இப்போது சொல்கின்றன. உங்கள் மருத்துவர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு அதன்படி செய்யுங்கள்.

வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, அதனால் கெடுதலும் உண்டு. நீர்ச்சத்து குறைந்தால் யூரியா என்ற கழிவு, ஆல்புமின் என்ற புரதம், மொத்தப் புரதம் எல்லாம் உயர்ந்து காட்டும். நரம்பும் எளிதில் கிடைக்காது. வெறும் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். காபி, டீ, பழச்சாறு, மெல்லும் மிட்டாய் எதுவும் வேண்டாம்.

அதிக நேரம் பட்டினி கிடப்பதும் சரியல்ல. இரவு சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு மறுநாள் நண்பகலில் ரத்தம் கொடுக்க வருபவர்களுக்குப் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உயர்ந்து காட்டலாம். கில்பர்ட் என்ற தீங்கற்ற பிறவித் தன்மை உள்ளவர்களிடம் இது தெளிவாகத் தெரியும். அவர்கள் மஞ்சள் காமாலை என்று பயந்து வீடு திரும்புவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

கடுமையான உடற்பயிற்சியை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். வழக்கமில்லாமல் எடை தூக்கினால் தசைகளிலிருந்து நொதிகள் கசிந்து ரத்தத்தில் சேரும். சி.கே., ஏ.எஸ்.டி., சில சமயம் ஏ.எல்.டி. என எல்லாமே உயரும். கடைசி இரண்டும் 'கல்லீரல்' என்ற தலைப்பின் கீழ் அச்சாவதால், தசைவலி கல்லீரல் நோயாகத் தோற்றம் தரும்.

பயோட்டின் எடுப்பவர்கள் எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று ஆய்வகத்திடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். தைராய்டு போன்ற ஹார்மோன்களை அளக்கும் பல கருவிகளில் பயோட்டின் ஒரு வேதிப்பிடிப்பாகப் பயன்படுகிறது. ரத்தத்தில் அது மிகுந்தால் கருவி ஏமாந்துபோய், தைராய்டு இயல்பாக இருப்பவருக்கும் மிகையாகச் சுரப்பதுபோல் எண் தரக்கூடும்.

வழக்கமான மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் காலை மருந்தை என்ன செய்வது என்று முன்னதாகவே கேட்டுக்கொண்டு, ஆய்வகத்தில் முதல் ஆளாக ரத்தம் கொடுங்கள். வெறும் வயிற்றில் வரிசையில் நின்று சர்க்கரை தாழ்ந்து மயங்குவது தவிர்க்கக்கூடிய ஆபத்து.

3. ரத்தம் எடுக்கும் அந்தச் சில நிமிடங்கள்

எண்கள் அதிகம் கெடுவது இங்கேதான். கருவிகள் இன்று மிக நுட்பமானவை. ஆனால் கெட்டுப்போன மாதிரியிலிருந்து சரியான விடையை எடுக்க எந்தக் கருவியாலும் முடியாது.

உட்கார்ந்து ஓய்வெடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நின்றுகொண்டிருக்கும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி சற்றுத் திசுக்களுக்குள் இறங்குவதால் புரதமும் அதோடு ஒட்டியிருக்கும் கால்சியமும் அடர்ந்து காட்டும். படுத்த நிலைக்கும் நின்ற நிலைக்கும் இடையே ஆல்புமினில் பத்து சதவீதம் வரை வேறுபாடு வரலாம்.

கையை இறுக்கி மூடித் திறக்காதீர்கள். நரம்பு எழும்பட்டும் என்று பலர் வேகமாக மூடித் திறக்கிறார்கள். சுருங்கி விரியும் தசை பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. கட்டிய பட்டைக்குக் கீழே அது அப்படியே தேங்கி ஊசிக்குள் வருகிறது. கையை மெல்ல மூடிவைத்தால் போதும். ரப்பர் பட்டையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

அடுத்தது குழாய்களின் வரிசை. ஒரே ஊசியிலிருந்து வெவ்வேறு நிற மூடியுள்ள குழாய்களுக்கு ரத்தம் போவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு அல்லது பொன்னிற மூடியில் ரத்தம் உறைய விடப்பட்டுச் சீரம் என்ற தெளிந்த நீர் பிரிக்கப்படும். ஊதா மூடியில் இருப்பது இ.டி.டி.ஏ. என்ற உறைவுத் தடுப்பான். மூன்று மாதச் சர்க்கரை (எச்.பி.ஏ.1சி.) அதிலிருந்து அளக்கப்படுகிறது. சாம்பல் மூடியில் ஃபுளோரைடு இருக்கும். அது சர்க்கரைக்கு உரியது.

இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை இங்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பேன். ஊதாக் குழாயில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த உப்பு. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. அந்த உப்பில் சிறிதளவு, சீரம் எடுக்கும் குழாய்க்குள் தாவிவிட்டால் பொட்டாசியம் 8, கால்சியம் 5 என்று வரும், ஏ.எல்.பி. நொதியும் விழுந்துவிடும். இந்த மூன்றும் சேர்ந்து வந்து, அந்த எண்களுக்கு உரியவர் எந்தக் கோளாறும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தால், கோளாறு குழாயில்தான். புதிய மாதிரி எடுத்தாக வேண்டும்.

மெல்லிய ஊசி, நரம்பைத் துருவித் தேடுவது, குழாயைக் குலுக்குவது ஆகியவை சிவப்பணுக்களை உடைக்கும். அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியில் இருப்பதைவிட 20 மடங்குக்கும் அதிகம். சில அணுக்கள் உடைந்தாலே அறிக்கையில் பொட்டாசியம் ஏறிவிடும். எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. ஆகிய நொதிகளும் கூடவே ஏறும். சீரம் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் இளஞ்சிவப்பாக மாறியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நேரமும் முக்கியம். குழாய்க்குள் சென்ற பின்னும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கின்றன. அறை வெப்பத்தில் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். வீட்டுக்கு வந்து எடுத்த மாதிரி வெகுநேரம் கழித்து ஆய்வகத்தைச் சேர்ந்தால், உண்மையில் உயர்ந்திருக்கும் சர்க்கரைகூட நல்ல எண்ணாகத் தெரியும். ஃபுளோரைடு குழாய் இதைத் தடுக்கும். ஆனால் அது முழுமையாக வேலை செய்யத் தொடங்கவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். மாதிரி எத்தனை மணிக்கு ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும் என்று எடுப்பவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரைக்கு இரண்டு மணி நேரக் கணக்கு உணவின் முதல் வாயிலிருந்து தொடங்குகிறது. கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுவது மிகப் பரவலான பிழை.

4. எண்ணுக்கு முன் தலைப்பகுதி

இப்போது அறிக்கை கையில் இருக்கிறது. பெயர், வயது, பாலினம் ஆகிய மூன்றையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். வயதும் பாலினமும் அடையாளத்துக்காக மட்டும் இருப்பவை அல்ல. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகமான வடிதிறன் அவற்றைக் கொண்டுதான் கணக்கிடப்படுகிறது. 45 என்பது 54 ஆக அச்சானால் அந்த எண்ணே மாறிவிடும்.

மாதிரி எடுத்த நேரம், ஆய்வகம் பெற்ற நேரம் ஆகிய இரண்டும் அச்சாகியிருக்கும். இடைவெளி நீண்டிருந்தால் சர்க்கரையையும் பொட்டாசியத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

கடைசியாக, பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். 'மாதிரி சிவப்பணுச் சிதைவு உடையது', 'கொழுப்பு கலங்கியது', 'மீண்டும் சோதித்து உறுதி செய்யப்பட்டது' போன்ற வரிகள் அங்கேதான் இருக்கும். என் அனுபவத்தில் மிகக் குறைவாகப் படிக்கப்படும் வரியும் அதுதான்.

5. அலகைப் பாருங்கள்

சில ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், சில லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்றும் தருகின்றன. சர்க்கரையில் மில்லிமோலை 18 ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும். 7.0 என்பது 126. கொலஸ்டிராலுக்கு 38.67 ஆல் பெருக்க வேண்டும். கிரியாட்டினின் என்ற தசைக் கழிவு 88.4 மைக்ரோமோல் என்றால் அது 1.0 மில்லிகிராம்தான். நாடு மாறியவர்கள் இந்த எண்ணைக் கண்டு பதறுவதுண்டு.

யூரியாவில் ஒரு பொறி இருக்கிறது. சில அறிக்கைகள் முழு யூரியாவைத் தருகின்றன, சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் பி.யு.என். என்று தருகின்றன. முன்னது பின்னதைப் போல் 2.14 மடங்கு. ஆய்வகத்தை மாற்றியவுடன் 14 ஆக இருந்தது 30 ஆகிவிட்டது என்று அஞ்சுகிறவருக்கு உடலில் எதுவும் மாறியிருக்காது.

6. இயல்பு வரம்பு எதைச் சொல்கிறது

ஆரோக்கியமானவர்களைத் திரட்டி அளந்து, இரு முனைகளிலும் தலா இரண்டரை சதவீதத்தை வெட்டிவிட்டு, நடுவிலுள்ள 95 சதவீதத்தையே வரம்பாக அச்சிடுகிறார்கள். ஆகவே நோயே இல்லாதவர்களிலும் 20 பேரில் ஒருவர் ஒவ்வொரு பரிசோதனையிலும் வரம்புக்கு வெளியே விழுவார்.

இதைச் சற்று நீட்டிப் பாருங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை முழு ஆரோக்கியமானவருக்குச் செய்தால், ஏதேனும் ஒன்றாவது வரம்பு மீற 64 சதவீத வாய்ப்பு உண்டு. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு எடுத்தவர் கையில் ஒரு நட்சத்திரக் குறியாவது இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வரம்பைச் சற்றே தாண்டியது என்பது வேறு, இரண்டு மூன்று மடங்கானது என்பது வேறு. எச் (உயர்வு), எல் (தாழ்வு) என்ற குறிகள் இரண்டையும் ஒரே மாதிரியே காட்டும்.

எல்லா வரம்பும் இப்படி வந்ததில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கும் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்புக்கும் உள்ள எல்லைகள், எந்த அளவுக்கு மேல் தீங்கு தொடங்குகிறது என்று பார்த்து வகுத்தவை. அங்கே 'பலருக்கும் இருக்கிறதே' என்ற ஆறுதல் செல்லாது.

பிற ஆய்வகத்தின் வரம்பையோ இணையத்தில் கிடைத்த வரம்பையோ உங்கள் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். நொதிகள் குறிப்பாக முறைக்கு முறை, கருவிக்குக் கருவி மாறும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனி வரம்புகள் உண்டு. வளரும் பிள்ளைகளின் எலும்பிலிருந்து ஏ.எல்.பி. ஏராளமாக வருவதால், பெரியவர்களின் வரம்பை வைத்துப் பார்த்தால் நல்ல பிள்ளையும் நோயாளியாகத் தெரியும்.

7. குழுவாகப் படியுங்கள்: சர்க்கரை

இதற்குப் பிறகுதான் எண்களுக்கு வர வேண்டும். அப்போதும் தனி எண்ணாக எதையும் படிக்க வேண்டாம்.

டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இயல்பு, 126உம் அதற்கு மேலும் நீரிழிவு என்பது பரவலான அளவுகோல். இடைப்பட்டது முன்நிலை. உலக சுகாதார நிறுவனம் முன்நிலையை 110இல் தொடங்குகிறது. எச்.பி.ஏ.1சி. 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 6.5உம் அதற்கு மேலும் நீரிழிவு. அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு ஒரே ஓர் உயர்ந்த எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது. இரண்டு பரிசோதனைகள் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டும் முரண்பட்டால் ரத்த அணுக்களின் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினைத்தான் எச்.பி.ஏ.1சி. அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அணுக்கள் சீக்கிரம் அழிந்தால் எண் தாழ்ந்து காட்டும். இரும்புச்சத்துக் குறைவில் உயர்ந்து காட்டலாம்.

8. சிறுநீரகம்: கிரியாட்டினினைத் தனியாக நம்பாதீர்கள்

கிரியாட்டினின் தசையிலிருந்து பிறக்கிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. தசை குறைந்தவருக்குப் பிறப்பதே குறைவு என்பதால், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் அழகாகத் தெரியும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 25 வயது ஆணுக்கும் 75 வயதுப் பெண்ணுக்கும் கிரியாட்டினின் 1.0 என்றே வருகிறது. வடிதிறனைக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சூத்திரத்தில் போட்டால் அந்த ஆணுக்கு வடிதிறன் சுமார் 107, அந்த அம்மையாருக்குச் சுமார் 59. அச்சிட்ட எண் ஒன்றேதான், ஆனால் சிறுநீரகங்கள் இருக்கும் நிலை வேறு. அதனால் கிரியாட்டினினை விட்டுவிட்டு, வடிதிறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற வரியைத் தேடுங்கள். அச்சாகாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அது 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். ஒரு முறை குறைந்தது போதாது. 60க்கு மேல் இருந்தாலும் சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு வடிதிறன் குறைவதற்கு முன்பே அந்தக் கசிவு தொடங்கிவிடுவதுண்டு. கிரியாட்டினினை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடுவதால் அந்த நல்ல வாய்ப்பு கைநழுவிப்போகிறது. என் ஆதங்கமும் அதுதான்.

யூரியா மட்டும் உயர்ந்து கிரியாட்டினின் அசையாமல் இருந்தால் நீர்ச்சத்துக் குறைவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இரைப்பைப் பகுதியில் ரத்தக் கசிவு இருந்தாலும் யூரியா தனித்து ஏறும். கரும்நிற மலம் போகிறவர் இதை மருத்துவரிடம் அன்றே சொல்ல வேண்டும்.

9. கல்லீரல்: எது சிதைவு, எது செயல்திறன்

ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. ஆகிய இரண்டும் செல்கள் சிதைந்தால் கசிகிறவை. ஏ.எல்.பி., ஜி.ஜி.டி. ஆகிய இரண்டும் பித்தம் தேங்கினால் ஏறுகிறவை. முதல் ஜோடி ஓங்கி நின்றால் ஒரு வகை நோய், இரண்டாவது ஜோடி ஓங்கினால் வேறு வகை. ஏ.எல்.பி. மட்டும் உயர்ந்து ஜி.ஜி.டி. இயல்பாக இருந்தால் அது எலும்பிலிருந்து வந்திருக்கலாம்.

இந்த நான்கும் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்வதில்லை. அதைச் சொல்பவை ஆல்புமினும், ரத்த உறைவைப் பார்க்கும் புரோத்ராம்பின் நேரமும். கல்லீரல் சுருங்கி நலிந்தவருக்குக் கசிய செல்களே குறைவாக இருப்பதால் ஏ.எல்.டி. இயல்பாகவே வரலாம். நல்ல எண் என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

பிலிருபின் உயர்ந்திருந்தால் நேரடி, மறைமுகம் என்ற பிரிவைப் பாருங்கள். மறைமுகம் மட்டும் சற்று உயர்ந்து மற்ற எல்லாம் இயல்பாக இருந்தால் முன்பு சொன்ன கில்பர்ட் தன்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். அணுச்சிதைவு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்துகொள்வார்.

10. கொழுப்பு

எல்.டி.எல். பல இடங்களில் அளக்கப்படுவதில்லை, கணக்கிடப்படுகிறது. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து நல்ல கொழுப்பான எச்.டி.எல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 210, 40, 150 என்றால் விடை 140. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை இல்லை. மாரடைப்பு வந்தவருக்கான இலக்கு வேறு, வராதவருக்கான இலக்கு வேறு. காய்ச்சலோ பெரிய நோயோ வந்து தேறிய உடனே எடுத்த கொழுப்பு எண் தாழ்ந்து காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

11. உப்புகளும் கால்சியமும்

சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை என்பது வழக்கமான வரம்பு. சர்க்கரை மிக உயர்ந்தவருக்குச் சோடியம் தாழ்ந்து காட்டும். சர்க்கரை செல்களிலிருந்து நீரை வெளியே இழுத்து ரத்தத்தை நீர்க்கச் செய்வதே காரணம். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் உப்பை மட்டும் ஏற்றிக்கொள்வது பிழை.

கால்சியத்தில் ஏறக்குறைய பாதி ஆல்புமினோடு ஒட்டியே இருக்கிறது. ஆல்புமின் 4க்குக் கீழே ஒவ்வொரு 1 குறையும்போதும் கால்சியத்தோடு 0.8 கூட்டிப் பார்ப்பது வழக்கம். கால்சியம் 8.0, ஆல்புமின் 2.5 என்றால் திருத்திய எண் 9.2. குறைபாடே இல்லை. ஐயம் நீடித்தால் எதனோடும் ஒட்டாத அயனிக் கால்சியத்தைத் தனியாக அளக்கலாம்.

12. காத்திருக்கக் கூடாத எண்கள்

பொட்டாசியம் 6ஐத் தாண்டினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது குழாய்க் கோளாறாக இருக்கலாம், ஆனால் அதை வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது. இ.சி.ஜி.யும் புதிய மாதிரியும்தான் முடிவு சொல்லும்.

சர்க்கரை 54க்குக் கீழே இறங்கினால் உடனே இனிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். விழுங்க முடியாத நிலையில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவியை அழையுங்கள். 300க்கு மேல் சர்க்கரையோடு வாந்தி, ஆழ்ந்த மூச்சு, தூக்கக் கலக்கம் சேர்ந்தால் அவசரப் பிரிவுதான். சோடியம் 120க்குக் கீழே இருந்து குழப்பமோ வலிப்போ வந்தாலும் அப்படியே. இத்தகைய எண்கள் வந்தால் ஆய்வகத்திலிருந்து தொலைபேசியில் அழைப்போம். அதனால் படிவத்தில் சரியான எண்ணைத் தந்து, அழைப்பை எடுங்கள்.

13. பழையவற்றோடு ஒப்பிடுதல்

ஒரு தாளில் தேதிகளை மேலே வரிசையாகவும் பரிசோதனைகளைப் பக்கவாட்டிலும் எழுதி எண்களை நிரப்புங்கள். ஒரே ஆய்வகத்தின் எண்களாக இருந்தால் நல்லது.

எல்லா ஏற்ற இறக்கமும் மாற்றம் அல்ல. கிரியாட்டினின் 0.9இலிருந்து 1.0 ஆவது அன்றாட அசைவு. ஒரே ஆளின் டிரைகிளிசரைடு நாளுக்கு நாள் 20 சதவீதம்கூட அசையும். ஆனால் கிரியாட்டினின் 0.7இலிருந்து 1.1 ஆனால் கவனியுங்கள். இரண்டும் வரம்புக்குள்தான் இருக்கின்றன, நட்சத்திரக் குறி எதுவும் இராது. ஆனாலும் வடிதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கலாம். வரம்புக்குள் நடக்கும் இத்தகைய நகர்வைப் பழைய தாள்களை வைத்திருப்பவரால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும்.

14. மருத்துவரிடம் கேட்க வேண்டியதும் மறுபரிசோதனையும்

'ரிப்போர்ட் நார்மலா?' என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை வரும், அதோடு முடிந்துவிடும். 'இந்த எண் போன முறையைவிட ஏறியிருக்கிறது, நான் எடுக்கும் இந்த மருந்தால் இருக்குமா?', 'இதை உறுதிசெய்ய எதைச் சோதிக்க வேண்டும்?', 'மறுபடி எப்போது பார்க்கலாம்?' என்று கேளுங்கள். நீங்கள் தயாரித்த தாளையும் மருந்துப் பட்டியலையும் முன்னால் வையுங்கள்.

அவசரப்பட்டு மறுநாளே மீண்டும் சோதிப்பதால் பயன் இல்லாத பரிசோதனைகளும் உண்டு. எச்.பி.ஏ.1சி.யில் சிகிச்சையின் முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். கொழுப்பு மருந்து தொடங்கிய பிறகோ அளவு மாற்றிய பிறகோ 4 முதல் 12 வாரத்தில் பார்க்கலாம். தைராய்டு மருந்தின் அளவு மாறினால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். நிலைபெற 6 முதல் 8 வாரம் வேண்டும். மாறாக, மாதிரி கெட்டது என்ற சந்தேகத்தில் பொட்டாசியத்தைத் திரும்பப் பார்ப்பதானால் அன்றே பார்க்க வேண்டும். மறுபரிசோதனைக்குப் போகும்போது முதல்முறை ரத்தம் கொடுத்த அதே நேரம், அதே பட்டினி இடைவெளி, அதே ஆய்வகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி ஏன் திரும்ப எடுக்கப்படுகிறது என்பதை ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.